தட்டோரம் ஒதுக்கிய காய்

அடே மகனே,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். இப்போது நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கும் தெரியும், ஏனென்றால் நான்தான் அவளிடம் சொன்னேன். அதற்காகத்தான் நேற்று போனில், "நீயெல்லாம் ஒரு அம்மாவா? என் கல்யாணத்த நிறுத்தறதுக்கே பொறந்தியா?" என்று கத்திவிட்டுப் பாதியில் வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சரி, எழுதுகிறேன். நீ கத்தினால் காகிதம் பயப்படாது. உன் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன், நீ கடைசி வரி படித்து முடிக்கும்வரை அவள் உன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். அவளைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள்.

நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். போன மாதம் சிறுசேரியில் உன் ஆபீஸில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று வந்தது. இருபத்தைந்து வயதுப் பையனுக்கு. நீ அதை என்னிடம் போனில் ஏதோ ஜோக் மாதிரி சொன்னாய். "பார்டர்லதாம்மா கீது. இதுக்குப் போயி பேஜாரு பண்ணாத. கவிதா வூட்ல மட்டும் மூச்சு வுடாத, கல்யாணம் முடிஞ்சதும் நானே சொல்லிக்கறேன்" என்றாய். பின்னால் உன் சிநேகிதர்களின் சத்தம். கோவளத்தில் இருக்கிறோம், மீன் வறுவல் வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்றாய். அந்த 'பார்டர்' என்ற வார்த்தையை நான் முதல் தடவையாகக் கேட்கவில்லை. நீ பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் உன் அப்பா அதே வார்த்தையை, அதே சிரிப்போடு, கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார். அந்த பார்டரில் ஆரம்பித்து அவர் எதுவரை போனார் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுடுகாடு வரை போனார். நீதான் கொள்ளி வைத்தாய்.

முந்தாநாள் கவிதா எனக்குப் போன் பண்ணினாள். செங்கல்பட்டில் நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிற பெண். பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. "அத்தை, அவருக்கு இன்னா இன்னா புடிக்கும்னு சொல்லுங்க. இப்பவே கத்துக்கினு வந்துடறேன்" என்றாள். எவ்வளவு ஆசையாகக் கேட்டாள் தெரியுமா? புதிதாகக் கல்யாணமாகி வந்தபோது நானும் உன் அத்தையிடம் இதே கேள்வியைத்தான் கேட்டேன். வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், மீன் வறுவல், பரோட்டா, அப்பளம் என்று நானும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவளும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து, உனக்கு வருஷக்கணக்கில் வறுத்துக் கொட்டி, கடைசியில் என்னைப் போல வெறும் கழுத்தோடு உட்கார்ந்திருப்பாள். நான் அதைச் சொல்லவில்லை. உன் சர்க்கரையைச் சொன்னேன். உன் அப்பா கதையைச் சொன்னேன். ஒரு பீன்ஸ் துண்டு தட்டில் விழுந்தால் அதைச் சுண்டு விரலால் ஓரத்துக்குத் தள்ளுவாய் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "சுகரு வர்றதெல்லாம் இப்ப எல்லாருக்கும்தான் அத்தை. அத எங்கிட்ட மறைச்சாரு பாருங்க" என்றாள். அப்புறம் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம அவர எங்க வூட்டுக்குக் கூட்டினு வாங்க. நானே சமைக்கிறேன். பச்ச, செவப்பு, மஞ்ச, ஊதா, எல்லாம் போடுவேன். எங்க ஸ்கூல்ல எல்கேஜி பசங்களே டப்பாவ காலி பண்ணிட்டு வந்து காட்டுதுங்க. இவரு தட்டுல ஓரம் ஒதுக்கினாருன்னா, நிச்சயத்துக்கு வெச்ச தட்ட நீங்க திருப்பிக் குடுத்துடுங்க அத்தை, நாங்களும் குடுத்துடறோம்." இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு சாப்பாடு. அதில் உன் கல்யாணம் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், சொந்த வீடு உண்டா என்று கேட்கிற ஊரில், மாப்பிள்ளை பீட்ரூட் தின்பானா என்று கேட்கிற ஒருத்தி உனக்கு வாய்த்திருக்கிறாள். நான் அவள் பக்கம்.

திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்தால் அந்தப் பழங்களும் இல்லை. நிச்சயத்தன்று அவர்கள் கொண்டுவந்த தட்டுகள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆப்பிள், ஆரஞ்சு, மாதுளை, திராட்சை, அன்னாசி, எல்லாம் பளபளவென்று கண்ணாடிப் பேப்பர் சுற்றி, ரிப்பன் கட்டி, வரிசையாக வந்தன. போட்டோ எடுக்கிறவன்கூட மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் தட்டுகளைத்தான் எடுத்தான். அவ்வளவையும் நீ உன் வாடகை வீட்டுக்கு எடுத்துப் போய் பால்கனியில் வைத்தாய். அடுத்த வாரம் நான் வந்தபோது திராட்சைத் தட்டில் கொசு மொய்த்துக்கொண்டிருந்தது. மாதுளை சுருங்கிப் போயிருந்தது. ரிப்பனைக்கூட நீ அவிழ்க்கவில்லை. கேட்டால், "அது ஷோவுக்கும்மா, அத யாரு துன்னுவா" என்றாய். உள்ளே டீப்பாய் மேல் முந்தின இரவு தின்ற பரோட்டாவின் பொட்டலம் கிடந்தது. நம் ஜனங்களுக்குப் பழம் என்றால் ஒன்று சாமிக்கு, இல்லாவிட்டால் சீக்காளிக்கு, அதுவும் இல்லாவிட்டால் போட்டோவுக்கு. உயிரோடு நன்றாக இருக்கிறவன் பழம் தின்றால் அவனுக்கு என்ன உடம்புக்கு என்று கேட்பார்கள். நீயும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாய், என்ஜினியரிங் படித்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

உன் அப்பா ஏன் அப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை. திருக்கழுக்குன்றம் பக்கத்தில் அவர்கள் வீட்டில் கீரைப் பாத்திதான் பிழைப்பு. விடிவதற்குள் பறித்துக் கட்டு கட்டி செங்கல்பட்டுக்கு ஏற்றுவார்கள். விற்றது போக வாடிப்போன கட்டுகள் திரும்பி வரும். அதுதான் அன்றைக்குப் பானையில் வேகும். தினமும் அதுதான். பள்ளிக்கூடத்தில் அவர் சோற்றுத் தூக்கைத் திறந்தால் பச்சையாகத்தான் இருக்குமாம். பையன்கள் அவரைப் பார்த்து ஆடு மாதிரி கத்துவார்களாம். ஐடிஐ படித்து, அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன் வேலை வாங்கி, குவார்ட்டர்ஸ் சாவி கைக்கு வந்த அன்று அவர் என்னிடம் முதலில் சொன்னது, "இந்த வூட்ல இனிமே கீர வேகக் கூடாது." நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். பாவம், சின்ன வயதில் அவ்வளவு பட்டிருக்கிறார் என்று இரக்கம்கூடப் பட்டேன். அந்த இரக்கம்தான் எங்களைக் கெடுத்தது. அவமானப்பட்ட ஒருத்தன் தன் நாக்கில் பழி தீர்த்துக்கொண்டிருந்தான், நான் பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தேன்.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. உப்புக் காற்று அடித்தாலும் போட்டது முளைக்கிற மண். நான் சும்மா இருப்பேனா? ஒரு முருங்கைக் கொம்பு நட்டேன், அவரைக்குப் பந்தல் போட்டேன், வேலியில் பசலைக்கொடி விட்டேன், கொய்யாக் கன்று ஒன்று வைத்தேன். எல்லாம் ஒரே மழையில் கிளம்பிக்கொண்டு வந்துவிட்டது. உன் அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். ஒரு நாள் அவரோடு வேலை பார்க்கிற ஒருவர் வீட்டுக்கு வந்து, பின்பக்கம் எட்டிப் பார்த்து, "என்ன சார், இங்கயும் விவசாயமா?" என்று கேட்டார். நல்ல மனுஷர், பாராட்டித்தான் கேட்டார். உன் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் காலையில் ஸ்டாஃப் பஸ்ஸுக்குப் போவதற்கு முன்னால் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் முருங்கையை வெட்டினார். பூ வைத்திருந்த அவரையைப் பந்தலோடு பிடுங்கினார். "குவாட்டர்ஸுக்கு வந்தும் உனுக்குப் பட்டிக்காட்டுப் புத்தி போவல" என்றார். கொய்யாவை மட்டும் விட்டார். ஸ்கூட்டர் நிறுத்த நிழல் வேண்டுமாம். அன்றைக்கு நான் அழுதேன். கோபமாகத்தான் அழுதேன்.

சர்க்கரை வந்த பிறகு ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நீயும் கூட வந்தாய், என் மடியில் உட்கார்ந்திருந்தாய். அவர் பொறுமையாகச் சொன்னார். சோற்றைக் குறைக்கணும், தட்டில் பாதிக்குக் காய் இருக்கணும், ஒரே காயாக இல்லாமல் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று எல்லா நிறத்திலும் இருக்கணும், ஒவ்வொரு நிறத்திலும் உடம்புக்கு ஒவ்வொரு நல்லது இருக்கிறது, பழமும் அளவாகச் சாப்பிடலாம் என்றார். உன் அப்பா உடனே, "கலர் கலரா வேணும்னா கலர் டிவி வாங்கிப் பாத்துக்கறேன் சார்" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார். நர்ஸ் சிரித்தாள். நீயும் கைதட்டிச் சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? உன் அப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. யார் என்ன நல்லது சொன்னாலும் எல்லோரையும் சிரிக்க வைத்து அதை அங்கேயே தீர்த்துவிடுவார். அந்தத் தீபாவளிக்குக் கலர் டிவி வாங்கினார். அதன் முன்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சிப்ஸ் தின்றார்.

அப்புறம் நீ அவருக்குத் துணையாகக் கிடைத்தாய். சாப்பிட உட்கார்ந்தால் குழம்பில் இருக்கிற கத்தரிக்காய், சாம்பாரில் இருக்கிற கேரட், பீன்ஸ், எல்லாவற்றையும் அவர் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பார். நீயும் பார்த்துப் பார்த்து அப்படியே வைப்பாய். இரண்டு தட்டுகளிலும் ஒரே மாதிரி வேலி. அவர் உன் தட்டைப் பார்த்துவிட்டு, "நம்ம ரெண்டு பேரும் புலி ஜாதிடா. உங்கம்மாவும் அக்காவும் ஆடு" என்பார். நீ உறுமிக் காட்டுவாய். நான் விடாமல் எத்தனை வேஷம் போட்டேன் தெரியுமா? இட்லி மாவில் கேரட்டைத் துருவிப் போட்டேன், சப்பாத்தியில் பீட்ரூட் சாறு விட்டுப் பிசைந்தேன், கீரையை அரைத்துப் பருப்பில் மறைத்தேன். நீ நாக்கின் நுனியில் கண்டுபிடித்து, பரிமாறிய கையிலேயே துப்பினாய். உன் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா, எம் பையன ஏமாத்த முடியாது." உன்னை ஏமாற்ற முடியாது என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

இன்னொன்றும் சொல்கிறேன், இது உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. நானும் உன் அக்காவும் திருட்டுத்தனமாகக் கீரை தின்றுகொண்டிருந்தோம். அவர் பஸ் ஏறிப் போன பிறகு சதுரங்கப்பட்டினத்துக்காரி ஒருத்தியிடம் ஒரு கட்டு வாங்கி, கடைந்து, ஆளுக்கு இரண்டு உருண்டை சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவி, ஜன்னலைத் திறந்துவைத்து வாசனையை வெளியேற்றிவிடுவோம். மற்ற வீடுகளில் ஆண்பிள்ளைகள் சிகரெட்டுக்குச் செய்கிற வேலையை நாங்கள் முளைக்கீரைக்குச் செய்தோம். ஒரு நாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டு நீ வந்துவிட்டாய். சாயந்திரம் அவர் வந்து ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் ஓடிப் போய், "நைனா, அம்மா கீர செஞ்சாங்க" என்று சொன்னாய். மிச்சம் இருந்த சட்டியை அவர் பின்பக்கம் வீசினார். உனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். சின்னப் பிள்ளை, உனக்கு என்ன தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அந்த ஐஸ்கிரீமை நீ எங்கள் இரண்டு பேருக்கும் எதிரில் உட்கார்ந்து நக்கி நக்கித் தின்றாய்.

அதற்கு அப்புறம் வந்தது எல்லாம் நீயும் பார்த்ததுதான். முதலில் கால் விரல் ஒன்று போயிற்று. கண்ணில் பனி படர்ந்தது, பேப்பரை மூக்கில் ஒட்டி வைத்துப் படித்தார். அப்போதும் மாத்திரையை விழுங்கிவிட்டு மேலே ஒரு பரோட்டாவைத் தின்றார். மாத்திரை எதற்கு இருக்கிறது என்றார். நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது கிட்னி இரண்டும் போய்விட்டது என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்று முதல் வாரம் தவறாமல் டயாலிசிஸ். அங்கேயே பத்தியமும் சொன்னார்கள். இனிமேல் பழம் கூடாது, இளநீர் கூடாது, கீரை கூடாது, தக்காளி கூடாது. காய் வேண்டுமென்றால் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சக்கையைத்தான் கொடுக்கணும். அவருடைய உடம்பு இனிமேல் அதைத் தாங்காது என்றார்கள். வாழ்க்கை பூரா தின்னு தின்னு என்று கெஞ்சினோம், அப்போது அவர் தின்னவில்லை. இப்போது தின்னக் கூடாது.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் அவருக்குக் கொய்யாப் பழம் வேண்டும்போல இருந்தது.

நான் சொல்வது சத்தியம். தொடவே தொடாத மனுஷர், கூடாது என்று சொன்னதும் நாக்கு அதற்கே அலைந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்தார்கள், சீக்காளி வீட்டுக்கு வேறு என்ன வாங்கி வருவார்கள்? அலமாரி நிறையப் பழம். அவர் கட்டிலில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கேரட்டையும் பீன்ஸையும் நான் வேகவைத்தால் தண்ணீரில் நிறம் இறங்கிவிடும். மஞ்சளும் பச்சையுமாக அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொய்யா மரத்தடியில் ஊற்றுவேன். வெளுத்துப்போன சக்கையை அவர் தட்டில் வைப்பேன். அதில் ஒன்றைக்கூட அவர் ஓரம் ஒதுக்கவில்லை. விரலால் வழித்துத் தின்றார். அந்த வருஷம் மரம் காய்த்த மாதிரி என்றைக்கும் காய்த்ததில்லை. கிளி கொத்தி, அணில் கடித்து, வெளவால் தின்று, மிச்சம் பொத்து பொத்தென்று மண்ணில் விழும். அவர் பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு குடுடி. முழுங்க மாட்டேன். வாயில வெச்சினு இருந்துட்டு துப்பிடறேன்" என்றார். நான், "புலி கொய்யாக்கா திங்குமா?" என்று கேட்டேன். அவர் என் புடவையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அப்படிக் கேட்டதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, உன்னிடம் நிச்சயமாக இல்லை. அந்த வார்த்தை எனக்குள்ளேயே இருக்கட்டும். இனிப்பாகப் பேசிப் பேசித்தான் நான் ஒருத்தரைத் தொலைத்தேன் என்பதை நீ தெரிந்துகொண்டால் போதும்.

ரிட்டயர் ஆவதற்கு முன்பே போய்விட்டார். பதினாறாம் நாள் படையலுக்கு நீதான் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போனாய். இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தாய். கேரட், பீட்ரூட், பூசணி, புடலை, அவரை, நாலு வகைக் கீரை, ஆரஞ்சு, திராட்சை, மாதுளை. கொய்யாவை மரத்திலிருந்தே பறித்தாய். "நைனா ஆசப்பட்டாரும்மா, எல்லாம் வெக்கணும்மா" என்று தேம்பினாய். நானும் உன் அக்காவும் அத்தனையையும் சமைத்தோம். அந்த வீட்டில் முதல் தடவையாக ஜன்னலைத் திறக்காமல் கீரை கடைந்தோம். தலைவாழை இலையில் எல்லாம் வைத்தபோது இலையே தெரியவில்லை, அவ்வளவு நிறம். அவர் போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு முழுத் தட்டு அவர் முன்னால் வந்து நின்றபோது அவருக்குத் தின்ன வாய் இல்லை.

அதுகூட எனக்குப் பெரிதில்லை. அதற்கு அடுத்தது கேள். காக்கைக்கு வைத்த பிறகு, காரியம் செய்த பிள்ளை நீதான் அந்தப் படையல் இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உட்கார்ந்தாய். அழுதுகொண்டே சாப்பிட்டாய். கண்ணீர் சோற்றில் விழுந்தது. வடையைத் தின்றாய், அப்பளத்தைத் தின்றாய், பாயசத்தை வழித்து நக்கினாய். உன் சுண்டு விரல் மட்டும் தன்பாட்டுக்குக் கீரையையும் பீட்ரூட்டையும் இலையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அப்பா ஆசைப்பட்டார் என்று நீ வாங்கிவந்த அதே பீட்ரூட். நீ செய்வது உனக்கே தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்து பரிமாறிய எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத்தான் நான் உண்மையில் பயந்தேன். போனவருக்கு நான் அழுதது பாதி, அந்த விரலைப் பார்த்து அழுதது பாதி. எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள், எதற்கு என்று தெரியாமலே.

இப்போது உனக்குக் கல்யாணம். நேற்று என்னை வில்லி மாதிரி பேசினாய், பேசிக்கொள். உன் வயதில் உன் அப்பாவுக்குத் தொப்பை இல்லை, அந்த ஒன்றில் நீ அவரை ஜெயித்துவிட்டாய். இரண்டு மாடி ஏறினால் உனக்கு மூச்சு வாங்குகிறது, லிஃப்ட் ரிப்பேர் என்றால் ஆபீஸுக்கு லீவு போடுகிறவன் நீ. பட்டுச் சட்டைக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில் தையற்காரர் டேப்பை இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார், நான் பார்த்தேன். இதையெல்லாம் கொஞ்சிக் கொஞ்சிச் சொல்ல எனக்கும் வரும். உன் அப்பாவிடம் அப்படித்தான் சொன்னேன், "உங்க நல்லதுக்குத்தாங்க" என்று. அவர் கலர் டிவி வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் வருவேன். உன் எதிரில்தான் உட்காருவேன். ஊட்ட மாட்டேன், கெஞ்ச மாட்டேன், கண்ணால்கூடச் சைகை காட்ட மாட்டேன். உன் சுண்டு விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். அது ஒரு தடவை ஓரத்துக்குப் போனால், கவிதா எழுந்திருப்பதற்கு முன்னால் நான் எழுந்து, "இவன் உனக்கு வேணாம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவேன். புதிதாகப் பழம் வாங்கித் தட்டு வைத்துத் திருப்பிக் கொடுப்பதும் என் பொறுப்பு. அந்தப் பெண்ணை இன்னொரு நானாக ஆக்க நான் விடமாட்டேன். நீ என் பிள்ளை என்பதற்காக ஊரான் பெற்ற பிள்ளையை உன் தட்டில் வைக்க முடியாது.

அப்புறம் நீ யாருக்கும் பயப்பட வேண்டாம். இஷ்டப்பட்டதைத் தின்னு. கோவளத்துக்குப் போ, பார்டரைத் தாண்டிப் போ. நான் உனக்கு முன்னால் போய்விடுவேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. திருட்டுத்தனமாகக் கீரை தின்ற உடம்பு இது, லேசில் சாயாது. நீ முந்திக்கொண்டால் உன் படையலையும் நான்தான் சமைப்பேன், ஒழுங்காகச் செய்வேன். உன் அப்பாவுக்கு வைத்த மாதிரிக் கலர் கலராக வைக்க மாட்டேன். போனவனுக்கு எது பிடிக்குமோ அதைத்தானே வைக்க வேண்டும்? வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு, அப்பளம், பரோட்டா. ஒரு பச்சை இருக்காது, ஒரு சிவப்பு இருக்காது. நீ ஓரம் ஒதுக்க அந்த இலையில் ஒன்றுமே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு. காலையில் ஒன்றும் தின்னாதே. பசியோடு வா.

உன்னைப் பெற்றவள்